காவலுக்கு ஒரு குட்டி

டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கால் வைக்கிற இடத்தில் பச்சை நிறப் பிளாஸ்டிக் கிரேட் ஒன்று. தக்காளி மண்டியில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதே கிரேட். மேலே பழைய துண்டைப் போட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறது. துண்டு அங்கங்கே புடைப்பதும் அடங்குவதுமாக இருக்கிறது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து ரமண நகருக்குள் திரும்பும் சந்தில், டீக்கடைக்கு நேர் எதிரே உள்ள மாடி வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது. டீ ஆற்றிக்கொண்டிருக்கும் அக்கா கையை நிறுத்தாமல் எட்டிப் பார்க்கிறார். பெஞ்சில் இருக்கும் நாங்களும் பார்க்கிறோம். ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களையும் போகிறவர்களையும் பார்ப்பதற்கென்றே போட்ட பெஞ்சு அது.

வீடு கட்டி இரண்டு வருஷம் இருக்கும். கேட்டுக்கு மேலே கேமரா. காம்பவுண்டுச் சுவரில் கண்ணாடிச் சில்லு. மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்காக பால்கனி முழுக்கக் கம்பி வலை. வீட்டுக்காரர் பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். குடித்தனம் சென்னையில். பௌர்ணமியை ஒட்டி நாலைந்து நாள் இங்கே வந்து, மனைவியோடு மலையைச் சுற்றிவிட்டுப் போவார். இந்தப் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. சொந்தக்காரர்கள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் ஐரோப்பாவிலும் இருப்பார்கள். வாசலில் பூட்டும் மொட்டை மாடியில் மயிலும் இருக்கும். போன மாதம் இதே வரிசையில் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாய்ப் பேச்சு அதிலிருந்து ஆரம்பித்தது.

குட்டிக்காரர் துண்டை அவிழ்க்கிறார். நான்கு குட்டிகள். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. கிரேட்டைச் சாய்த்ததும் நான்கும் போர்ட்டிகோ டைல்ஸில் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன.

“ராஜபாளையம் சார். தாய் தகப்பன் ரெண்டும் நம்ம வீட்லயே நிக்குது. நாப்பது நாள் ஆவுது. இப்ப காட்டத்தான் கொண்டாந்தேன். புடிச்சிருந்தா அட்வான்ஸ் குடுங்க.”

“நாற்பது நாளா? எட்டு வாரம் ஆகாம குட்டியை விற்கக் கூடாது, தெரியுமில்ல? 2017ல ரூல்ஸே போட்டாச்சு.”

“அதான் சார், இன்னும் ரெண்டு வாரம் தாய்கிட்ட இருக்கட்டும். அட்வான்ஸ் மட்டும் குடுங்க.”

வீட்டுக்காரர் படிக்காமல் வரவில்லை. மடித்த தாள் ஒன்று சட்டைப் பையில் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன் ராட்வைலர்தான் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தானாம். அவருக்கும் அதில் மனசு இருந்திருக்கிறது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கடித்த செய்தி டிவியில் ஓடிய அன்றே வீட்டுக்கார அம்மா அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். அதற்கு முன்பே, அந்த வருஷம் மார்ச்சில், பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இனங்களுக்குத் தடை என்று மத்திய அரசு சுற்றறிக்கை விட்டதையும் அது கோர்ட்டுக்குப் போனதையும் குட்டிக்காரரிடம் ஒப்பிக்கிறார்.

“பெரிய நாய் வேணாம் சார். நம்ம வெயிலுக்கு நம்ம நாய்தான். ஹஸ்கி வாங்கினவங்க ஏசி பில்லு கட்டிக்கினு இருக்காங்க. லேப் சோறு போட்டா திருடனுக்கும் வாலாட்டும். கோம்பை நல்ல காவல், ஆனா கோவக்காரன். கன்னியும் சிப்பிப்பாறையும் ஓடுற சாதி. எங்கப்பா காலத்துல முயலுக்கு உட்ட நாய் அது. காம்பவுண்டுக்குள்ள போட்டா ஏங்கிப் பூடும்.”

வனவிலங்குச் சட்டத்தோடு முயல் வேட்டை போயிற்று. ஓட்டம் மட்டும் நாயின் உடம்பிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு, ராஜபாளையத்துக்கு 2005இல் தபால் தலை வெளியிட்டார்கள் என்று தன் பங்குக்குச் சொல்கிறார். குட்டிக்காரர், “அப்பிடியா சார்?” என்று கேட்டுக்கொள்கிறார். அடுத்த வீட்டில் சொல்வதற்கு ஆகும்.

அம்மா பேசவில்லை. படியில் உட்கார்ந்து குட்டிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்று அவர் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுக்கிறது. ஒன்று கேட்டுக் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டுகிறது. மற்ற இரண்டில் பெரியது, நெஞ்சு அகலமாக, காலை ஊன்றி நிற்கிறது. “இதுதான்” என்கிறார் வீட்டுக்காரர். “நிக்கிற நிலையைப் பாரு. எதுக்கும் அலட்டிக்கல.”

அந்த நேரம் பார்த்து, உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அக்கா குட்டிகளுக்குப் பால் ஊற்ற எவர்சில்வர் தட்டோடு வருகிறார். ஈரக் கை. தட்டு நழுவி டைல்ஸில் விழுந்து, சுழன்று சுழன்று சத்தம் போட்டு அடங்குகிறது. மூன்று குட்டிகள் திசைக்கு ஒன்றாகச் சிதறுகின்றன. டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கும் தெருநாய் செவலைகூடத் தலையைத் தூக்குகிறது. பெரிய குட்டி மட்டும் அந்தப் பக்கம் திரும்பாமல் செருப்பு ஒன்றை மோந்துகொண்டிருக்கிறது. காது மடல்கூட அசையவில்லை.

வேலைக்கார அக்கா குனிந்து தட்டை எடுக்கிறார். பெரிய குட்டியின் முதுகுக்குப் பின்னால் போய் இன்னொரு தரம் தட்டுகிறார். செருப்பு ஆராய்ச்சி தொடர்கிறது.

“இன்னா சார், இதுக்குக் காது கேக்கல.”

குட்டிக்காரர் முகத்தில் பெரிய அதிர்ச்சி இல்லை. வெள்ளை நாயில் இது உண்டு. பால் வெள்ளைதான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்ததில் ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்த குறை, டால்மேஷனுக்கும் இருக்கிறது. நிறம் கொடுக்கிற செல் உட்காதில் இல்லாமல் போனால் செவி அடைந்துவிடும். பிறந்து சில வாரத்திலேயே தெரிந்துவிடும், சோதித்துப் பார்க்கிறவர்களுக்கு.

“காது இல்லாட்டி மூக்கு இருக்குது சார்” என்று சொல்லிப் பார்க்கிறார். அம்மா நிமிர்ந்து பார்த்ததும், “அது வேணாம்மா, அதை நானே வச்சிக்கிறேன்” என்று தூக்கிக் கிரேட்டில் விடுகிறார்.

கேட்டில் ஒரு காவி நிற்கிறது. கையில் தூக்குவாளி. ஆசிரமத்தில் சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் பொழுது இருப்பதால் தெருவை ஒரு சுற்று வருகிறவர். கேட்டண்டை நின்ற குட்டி அவர் கால் கட்டை விரலை நக்குகிறது. வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

“இதெல்லாம் பழக்கணும். அந்நியர் வந்தா பாயணும்.”

“இந்தத் தெருவுல அந்நியர் இல்லாதவங்க யாரு சார்?” வேலைக்கார அக்கா பால் ஊற்றிக்கொண்டே கேட்கிறார்.

பெஞ்சில் சிரிப்பு. அவர் சொன்னதில் தப்பில்லை. சாமியார், கூரியர்காரர், சைக்கிளில் போகும் ஜெர்மன்காரப் பாட்டி, வாடகைக்கு ரூம் கேட்டு வரும் ஆந்திராக்காரர், தயிர்க்காரம்மா, கரண்டு பில் ஆள் என்று ஒரு நாளைக்கு எத்தனை முகம்! பௌர்ணமி ராத்திரியில் பதினாலு கிலோமீட்டர் மலைப்பாதையும் ஜனமாக இருக்கும். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். கண்டவர் மேலெல்லாம் பாய்கிற நாயை இந்தச் சந்தில் வைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் வக்கீலையும் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வேண்டியது குரைத்துச் சொல்லிவிட்டு, வீட்டார் வந்து பார்க்கும்வரை பொறுக்கிற நாய். அது இனத்தில் பாதி, வளர்ப்பில் பாதி. குட்டியாக இருக்கும்போதே காவியையும் ஹெல்மெட்டையும் குடையையும் குழந்தையையும் பார்த்துப் பழகினால்தான் பின்னால் எது புதுசு, எது தப்பு என்று அதற்குப் பிரிக்கத் தெரியும். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டு வளர்த்தால் கோபம்தான் வளரும்.

செவலைக்கு அந்தப் பாடம் யாரும் நடத்தவில்லை. கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு இருக்கிறது. பகலில் எல்லார் காலடியிலும் கிடக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சந்துக்குள் தெரியாத ஆள் நுழைந்தால் குரல் கொடுக்கும். “இவ இருக்கும்போது வேற எதுக்கு?” என்று டீக்கடை அக்கா இங்கிருந்தே சொல்கிறார். “மோட்டார் போனப்ப எங்க போயிருந்தா?” என்று அங்கிருந்து பதில் வருகிறது. செவலை மறுபடி படுத்துக்கொள்கிறது.

“என்னங்க,” அம்மா இப்போதுதான் வாய் திறக்கிறார். “ஆசிரமத்துல திருடன் வந்த கதை தெரியுமில்ல?”

“தெரியும், தெரியும். தொடையில அடிச்சாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

அது அவருக்கு ஞாபகம் இல்லை. 1924 ஜூன் 26, ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஆசிரமம் அப்போது கூரைக் கொட்டகைதான். தன் தாயார் அழகம்மாளின் சமாதியை ஒட்டி இருக்க ரமணர் மலையிலிருந்து இறங்கி வந்து ரெண்டு வருஷம் ஆகவில்லை. திருடர்கள் ஜன்னலை உடைத்தார்கள், வெடி போட்டு மிரட்டினார்கள். கதவைத் திறந்துவிடுகிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வெளியே போய்விடுகிறோம் என்று ரமணர் சொன்னார். ஆனால் அதற்கு முன் சீடர் குஞ்சு சுவாமியைக் கூப்பிட்டு, கருப்பன் என்ற நாயைத் தூக்கிக்கொண்டுபோய் வடக்குப் பக்கக் குடிசையில் விடச் சொன்னார். திருடர்கள் அதை அடித்துவிடுவார்கள், கொன்றுகூட விடுவார்கள் என்று பயம். நாய் பத்திரமான பிறகுதான் மற்றவர்கள் வெளியேறினார்கள். வாசலில் எல்லாருக்கும் அடி விழுந்தது. ரமணருக்கு இடது தொடையில். போதாதென்றால் அடுத்த காலிலும் அடிக்கலாம் என்றார். திருடர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

“காவலுக்கு நாய் வச்சிக்கிட்டு, திருடன் வந்ததும் நாயைக் கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறதா?” வீட்டுக்காரர் சிரிக்கிறார். “அப்புறம் அந்த நாய் எதுக்கு?”

“காவலுக்குன்னு யார் சொன்னா? அது அங்க ஒரு ஆளா இருந்துச்சு.”

ஆசிரமத்துக்குள் போகிறவர்களுக்கு அது புதிதல்ல. லட்சுமி என்ற பசுவின் சமாதிப் பக்கத்தில் வள்ளி என்ற மானுக்கும் ஒரு காகத்துக்கும் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. அங்கே நாய்களைப் ‘பசங்க’ என்றுதான் ரமணர் சொல்வார். அவர்களுக்குச் சோறு ஆனதா என்று கேட்பார். அவர் முன்பு மலைமேல் இருந்த ஸ்கந்தாசிரமத்தில் கமலா என்று ஒரு நாய் இருந்தது. புதிதாக வந்தவரை மலை சுற்றிக் காட்டிக் கூட்டி வா என்றால், தீர்த்தம் தீர்த்தமாக, லிங்கம் லிங்கமாக நிறுத்திக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். வந்தவரைக் கடிக்காமல் கூட்டிப்போவதும் நாய் செய்கிற வேலையாக இருந்திருக்கிறது.

குட்டிக்காரர் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு, கிரேட்டுக்குள் காது கேட்காததன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருக்கிறார். பிறகு மெதுவாகக் கேட்கிறார்.

“சரிம்மா. வீட்ல யாரு இருப்பாங்க?”

“நாங்கதான்.”

“நீங்க மாசத்துக்கு ஒரு வாரம்னாங்களே டீக்கடையில. மீதி நாளு?”

“ஆள் வச்சிக்கலாம். ரெண்டு வேளை சோறு வச்சிட்டுப் போவாங்க” என்கிறார் வீட்டுக்காரர், வேலைக்கார அக்காவைப் பார்த்தபடி.

“நான் போடறேன் சார், அதுக்கென்னா. ஆனா நாய் எனக்குத்தான் காவல் நிக்கும். என் பின்னாடியே எங்க வீட்டுக்கு வந்துரும்.”

வீட்டுக்காரருக்குப் பதில் வரவில்லை. குட்டிக்காரர் தலையாட்டுகிறார். வீட்டை எந்த நாயும் காக்காது, வீட்டில் இருக்கிற ஆளைத்தான் காக்கும் என்கிறார். ராஜபாளையம் அதிலும் ஒரு கை ஒட்டிக்கொள்கிற நாய். கை இல்லாத வீட்டில் அது சுவரைப் பார்த்துக் குரைத்துக் குரைத்துக் கெட்டுப் போகும். அடுத்த வாரம் பார்வோவுக்கு முதல் ஊசி, மூணு மாசத்தில் வெறிநோய் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். ஊசிக்குக்கூடத் தெரிந்த மடியில் பிடித்து உட்கார்ந்தால்தான் நாய்க்குப் பயம் தெளியும். “பூட்டுன வீட்டுக்குக் கேமராதான் சார் தோது. அது ஏங்காது.”

சொல்லிவிட்டு மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கிரேட்டில் விடுகிறார். வீட்டுக்காரர் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பேரம் படிந்து பணம் எண்ணத்தான் அதை எடுத்திருந்தார்.

“என் பேர்ல ஒண்ணு எழுதிக்கங்க” என்கிறார் அம்மா. “தை பொறந்ததும் நான் இங்கயே வந்துடறேன்.”

வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார். அவருக்கு அது புதுச் செய்தி. பெஞ்சில் இருப்பவர்களுக்கு முன்னால் அதைப் பற்றி விசாரிக்க அவர் தயாரில்லை என்பதும் தெரிகிறது. பர்ஸிலிருந்து இரண்டு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டுகிறார்.

குட்டிக்காரர் வாங்கவில்லை. துண்டைப் போட்டுச் சணல் கயிற்றை இழுத்துக் கட்டுகிறார். வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்கிறார்:

“தைக்குள்ள இதுங்க பெருசாப் பூடும்மா. அடுத்த தபா தாய் குட்டி போடும்போது பார்த்துக்கலாம். அட்வான்ஸ் இருக்கட்டும் சார், அம்மா மொதல்ல வந்து குடித்தனம் வைக்கட்டும்.”