ஜன்னலோரக் கட்டில்

ஆரி வேலைக்கு வெளிச்சம்தான் முதல். சட்டத்தில் துணியை இழுத்து இறுக்கி, அடியில் ஒரு கை நூலைப் பிடிக்க, மேலிருந்து கொக்கி ஊசி அதை இழுத்து வரவேண்டும். நிழல் விழுந்தால் தையல் பிசகும். எங்கள் வீட்டில் வெளிச்சம் வரும் ஒரே ஜன்னலோரம் அப்பாவின் கட்டில். அவர் போய் எட்டு மாசம். நகர்த்த எனக்கு மனசு வரவில்லை. சமையலறையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மாவே ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் தூக்குடி. உங்கப்பா இருந்தா, புள்ளைக்கு கண்ணு கெட்டுப்போகும்னு எப்பவோ நகத்தியிருப்பாரு."

கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஸ்டாண்டு. நூல்கண்டெல்லாம் பழைய டிபன் கேரியரில். மணிகளுக்கு டப்பா தேடியபோது அப்பாவின் மாத்திரைப் பெட்டி அகப்பட்டது. ஏழு நாளுக்கு ஏழு அறை. கழுவித் துடைத்து, திங்கட்கிழமையில் சுகர் பீட்ஸைக் கொட்டினேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கு சுகர் ஆகாதேடி."

எட்டு மாசத்தில் அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.