சாக்கு

தமிழில் ‘சாக்கு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நெல்லைப் பிடித்துக் கட்டும் பை. மற்றொன்று, போலிக் காரணம். வெவ்வேறு வழிகளில் வந்து ஓசையால் ஒன்றாகிப்போன சொற்கள் என்று முதுகலை மொழியியல் வகுப்பில் இவற்றைப் படித்தேன். ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு பொருளையும் ஒரே களத்தில் பார்த்திருந்தேன்.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நான் இளங்கலை முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஓர் ஐப்பசியில், இரண்டு ஏக்கர் குறுவை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவைத்திருந்தார் அப்பா. தராசு இருந்தது, எடை போட ஆளும் இருந்தார். சாக்கு மட்டும் இல்லை. “சாக்கு வரலீங்க” என்பதே ஐந்து நாளும் கிடைத்த விடை. ஐந்தாம் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குக் கீழே நீர் புகுந்து, குவியலின் அடிநெல் முளைவிட்டது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல்லை வாங்க விதி இடம் தராது. முளைத்த நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி அப்பா சொன்னார்: “சாக்கு இல்லைங்கறதே இவங்களுக்கு ஒரு சாக்கு.”

முனைவர்ப் பட்ட ஆய்வுக்காகக் கொல்கத்தாவுக்கு வந்த பிறகுதான், அந்தச் சாக்கு புறப்படும் இடத்தை அறிந்தேன். ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் சணல் ஆலைகள் நிற்கின்றன. முதல் ஆலை 1855இல் ரிஷ்ராவில் தொடங்கியது. 1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியாவிலும், சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் தங்கிவிட்டன. அதன்பின் இந்தப் பக்கத்திலும் சணல் சாகுபடி பெருகியது. பின்னர், பிளாஸ்டிக் இழைப் பைகள் மலிவாக வந்து சந்தையைப் பிடிக்கத் தொடங்கியபோது, 1987இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குறிப்பிட்ட பொருள்களைச் சணல் பையில்தான் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். சிமெண்டும் யூரியாவும்கூடத் தொடக்கத்தில் அதன் பட்டியலில் ஓரளவு இடம்பெற்றிருந்தன. சட்டத்தை எதிர்த்த வழக்கில், அது செல்லும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்து, இன்று உணவு தானியம் முழுவதும், சர்க்கரையில் 20 விழுக்காடும் என்ற அளவில் நிற்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? அரசின் கணக்குப்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய்க்குச் சணல் சாக்குகளை அரசு வாங்குகிறது. ஆலைகளில் ஏறக்குறைய 4 லட்சம் தொழிலாளரும், வயல்களில் 40 லட்சம் குடும்பங்களும் இந்தப் பயிரை நம்பியிருக்கின்றனர். சாக்கின் விலையை முடிவு செய்வதும், எந்த ஆலை எவ்வளவு தர வேண்டும் என்று பங்கிடுவதும் அரசே. மண்ணில் விளைந்து மண்ணோடு மக்கும் ஒரு நாரை அரசு தன் பணத்தைக் கொண்டு காப்பாற்றுகிறது. இதை நான் குறை கூறமாட்டேன். பிளாஸ்டிக் பை மலிவு என்போர், அது மக்காமல் கிடக்கும் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் ஆய்வு, ஆலைத் தொழிலாளரின் தொழிற்சொற்களைப் பற்றியது. வங்காளத்தில் சணல் ‘பாட்’, சாக்குத்துணி ‘சட்’, ஆலை ‘சட்கல்’. பீகார், ஒடிசா, ஆந்திரம் எனப் பல திசைகளிலிருந்து வந்தவர்களின் சொற்கள் இங்கே தறிகளுக்கிடையே கலந்து கிடக்கின்றன. சொல் சேகரிக்கப் போன இடத்தில், தெலுங்கு பேசும் ஒரு முதிய தறியாளரைச் சந்தித்தேன். என் அரைகுறைத் தெலுங்கும் அவருடைய இந்தியும் சேர்ந்து ஒரு மொழியாயின.

அவர் சொன்னது 2021, 2022 பற்றி. அப்போது கச்சாச் சணலின் விலை ஏறிக்கொண்டே போனது. 2021 செப்டம்பர் இறுதியில், குவிண்டாலுக்கு 6,500 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதித்தது. அந்த விலைக்குச் சந்தையில் சரக்குக் கிடைக்கவில்லை என்றன ஆலைகள். பல ஆலைகள் கதவடைத்தன; அவருடைய ஆலையும் அவற்றுள் ஒன்று. 2022 மே மாதத்தில் வரம்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. “சாக்கு வேண்டும் என்று சர்க்கார் கேட்டுக்கொண்டே இருந்தது, நெய்ய நாங்களும் இருந்தோம். இருந்தும் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன், அம்மா” என்றார்.

நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “உங்கள் அப்பாவுக்கு எத்தனை சாக்கு வேண்டியிருந்தது?”

மூட்டைக்கு 40 கிலோ என்ற எங்கள் ஊர்க் கணக்கில் 120 சாக்கு. ஒரு பேலுக்கு 500 சாக்கு என்பது அவர்கள் கணக்கு. “கால் பேல்கூட இல்லையே!” என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

அன்றிரவு விடுதி அறையில் அந்த விடையை இலக்கண மாணவியாக எண்ணிப் பார்த்தேன். ‘சாக்கு வரவில்லை.’ இதில் எழுவாய் சாக்கு. வராமல் போன குற்றமும் சாக்கினுடையதே. தனக்குக் கால் இருந்தும் நடந்து வரச் சோம்பிய ஒன்றைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. ‘இன்னார் அனுப்பவில்லை’, ‘இன்னார் உரிய நேரத்தில் கேட்கவில்லை’ என்றிருந்தால் அந்த வாக்கியத்தில் ஒரு மனிதர் இருந்திருப்பார். சட்டத்தின் பெயரிலுள்ள ‘கட்டாயப் பயன்பாடு’ என்ற தொடரும் அப்படித்தான். கட்டாயம் யாருக்கு? தானியத்தைக் கட்டுபவருக்கு. அவர் கைக்கு உரிய நாளில் சாக்கைச் சேர்க்கும் கட்டாயம் அந்தப் பெயரில் ஒலிக்கவில்லை. சாக்குத் தட்டுப்பட்டால் பிளாஸ்டிக் பைக்குத் தளர்வு அளிக்கப்படுகிறது. 2020 ஊரடங்கில் ஆலைகள் மூடிக் கிடந்தபோது அது தவிர்க்க முடியாதது. ஆனால் தட்டுப்பாடு வழக்கமானால், தளர்வும் வழக்கமாகும். காப்பாற்ற வந்த சட்டமே மெல்ல வெறும் பெயராகும்.

ஆகவே நான் கேட்பது புதுச் சட்டமன்று. குறுவை எப்போது அறுவடையாகும் என்பது ஆடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அதே மாதத்தில்தான் வருகிறது. சணல் மார்ச்சில் தொடங்கி விதைக்கப்படுகிறது. ஜூலைக்குப் பின் அறுத்து, நீரில் ஊறவைத்து, நார் உரிக்கப்படுகிறது. இரண்டு பயிர்களின் நாட்காட்டியும் கண்முன் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்து முன்கூட்டியே ஆணை தருவதும், கொள்முதல் நிலையம் திறக்கும் முன்பே சாக்கு அங்கே இறங்கியிருப்பதை உறுதி செய்வதும் ஏறக்குறைய ஒரே வாங்குநராக நிற்கும் அரசின் கடமை. வேறு வாங்குநர் இல்லாத பொருளை வாங்குகிறவர் தாமதித்தால், உழவருக்கும் நெசவாளருக்கும் போக்கிடம் இல்லை.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் மிதியடியாகக் கிடந்தது ஒரு பழைய சாக்கு. ஆலையின் முத்திரை பாதி அழிந்திருந்தது. ஹூக்ளிக் கரையில் இதை நெய்பவர்களில் ஒருவர் உங்கள் நெல்லைப் பற்றி விசாரித்தார் என்று அப்பாவிடம் சொன்னேன்.

“அவருக்கு இப்ப வேலை ஒழுங்கா இருக்கா?” என்று கேட்டார் அப்பா.