டபுள் பாஸும் என் சுண்டு விரலும்

டபுள் பாஸ்னா என்னன்னு ஊர்ல எல்லாரும் கேக்கறாங்க. வயலின் குடும்பத்துல பெரியண்ணன்னு வெச்சுக்கோங்க. நிமிர்த்தி வெச்சா கிட்டத்தட்ட ஆறடி, என்னைவிட உயரம். பெரும்பாலும் நாலு தந்தி. மேற்கத்திய வயலின்ல பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு நடுவுல ச-ப இடைவெளி, இதுல ச-ம இடைவெளி. நாலு தந்தி பாஸ்ல அடித் தந்தி ஒரு நொடிக்கு சுமார் 41 தடவைதான் அதிரும். காதுல கேக்கறதுக்கு முன்னாடி வயித்துல கேக்கும்.

நான் வியன்னாவுக்கு வந்தது கம்ப்யூட்டர் படிக்க. மயிலாப்பூர்ல ஆறு வருஷம் கர்நாடக வயலின் கத்துக்கிட்ட தைரியத்துல மாணவர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போனேன். வயலினுக்கு அங்க பெரிய வரிசை. பாஸுக்கு ஆளே இல்லை. "வாத்தியம் நாங்க தரோம், ஆளையும் காட்டறோம்"னாங்க. காட்டின ஆள், ஆபரா ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்சு ஓய்வு பெற்ற 73 வயசுப் பெரியவர். ஃபீஸ் வேண்டாம்னுட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான்: எங்கயாவது வலிச்சா அந்த நிமிஷமே நிறுத்திட்டு அவர்கிட்ட சொல்லணும்.

முதல் மூணு வாரம் இடது கைக்கு வேலையே தரலை. வெறும் வில். இந்த ஊர்ல வில்லை மேலிருந்து பிடிக்க மாட்டாங்க, கீழேயிருந்து உள்ளங்கையில தாங்கிப் பிடிக்கணும், ரம்பம் பிடிக்கற மாதிரி. தடிமனான தந்தி முழுசா பேச ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். மத்தவங்களோட சேர்ந்து கேக்கணும்னா ஒரு மயிரிழை முன்னாடியே கிளம்பணும். ஒரு நாள், சத்தம் கரகரன்னு வருதேன்னு சலிச்சுக்கிட்டேன். பெரியவர் என்னை அறையோட அந்தக் கோடிக்குப் போய் நிக்கச் சொல்லிட்டு அதே கரகரப்போட வாசிச்சார். அங்கேயிருந்து கேட்டா சுத்தமா, எழுத்து எழுத்தா விழுது! பக்கத்துல வழவழன்னு கேக்கற பாஸ் தூரத்துல வெறும் முணுமுணுப்பாம். வயலின்ல என் காதை நம்பிப் பழகினவன் நான். இங்க அந்தக் காதைப் பத்தடி தள்ளி வெச்சுக்கணும்.

அப்புறம்தான் விரல். தந்தியோட நீளம் சுமார் 105 செ.மீ. கழுத்தோட மேல்பக்கத்துல, வயலின்ல மூணரை சென்டிமீட்டர்ல முடியற ஒரு முழுச் சுர இடைவெளிக்கு இங்க கிட்டத்தட்ட 11 வேணும். அதனால இங்க பழைய வழி: ஒண்ணு, ரெண்டு, நாலு. மோதிர விரல் தனியா எதையும் அழுத்தாது, சுண்டு விரலுக்குத் துணையா மட்டும் நிக்கும். இதைப் பாடப் புத்தகமா ஆக்கினவர் ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840-1912). இதே வியன்னாவோட கன்சர்வேட்டரியில 1869லேர்ந்து 1910 வரைக்கும் சொல்லிக் கொடுத்தவர். அலெப்போவுல பிறந்த ஃபிரான்சுவா ரபாத் கையைச் சுழட்டி இன்னும் தூரம் எட்டறதுக்கு வேற வழி காட்டியிருக்கார். பெரியவர்கிட்ட அதைப் பத்திக் கேட்டேன். "நல்ல வழிதான். முதல்ல இதைப் பண்ணு"ன்னார். (அன்னிக்குத்தான் முதல் தடவையா 'நீங்க'வை விட்டுட்டு 'நீ'ன்னு கூப்பிட்டார். ஜெர்மன்ல அது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் டிராம்ல சிரிச்சுக்கிட்டே வந்தேன்.)

நான் கத்துக்கிட்ட வரைக்கும் கர்நாடக வயலின்ல சுண்டு விரலுக்கு அவ்வளவா உத்தியோகம் கிடையாது. இங்க அதுதான் ஹீரோ. அழுத்த அழுத்த வலிக்குது. அதுக்கு அவர் வெச்சிருந்த வைத்தியம் விசித்திரம்: கழுத்துக்குப் பின்னாடி இருக்கற கட்டை விரலை எடுத்துடச் சொன்னார். கட்டை விரல் இல்லாம நெருக்க முடியாது. அப்போ கையோட எடையைத் தந்தி மேல தொங்கவிடறதைத் தவிர வழியே இல்லை. கிணத்துக் கயித்தைப் பிடிச்சு முதுகால இழுப்போமே, அந்த மாதிரி. தந்தி பேசிடுச்சு, சுண்டு விரலும் தப்பிச்சது.

இவ்வளவு கண்டிப்பு எதுக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் சொன்னார். 41 வயசுல அவருக்கு முழங்கை போயிடுச்சு. இருபது வருஷம் பலத்தால வாசிச்சதோட பலன். ரெண்டு வருஷம் வில்லைத் தொடலை. திரும்பி வந்தப்போ ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலி அவருக்குக் காத்திருந்தது, ஆனா அரைப் பொசிஷன்லேர்ந்து எல்லாத்தையும் புதுசா கத்துக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது முழங்கையைத் தடவிக்கிட்டே இருந்தார், தனக்கே தெரியாம. பகல் பூரா கீபோர்டு தட்டற எனக்கும் பிழைப்பு இந்தக் கையாலதான். அன்னிலேர்ந்து வலியை அவர்கிட்ட மறைக்கத் தோணினதே இல்லை.

ஒரே ஒரு விஷயத்துலதான் எங்களுக்குள்ள சண்டை. ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குப் போகும்போது என் விரல் தானா வழுக்கி, குழைஞ்சு போகும். கமகம் பழகின கையாச்சே! அவருக்கு அது ஆகாது. அழுத்தத்தைக் குறைச்சு, தந்தியை விடாம, சத்தமில்லாம நகரணும். ஆனா ஒரு நாள் அவரே, "உங்க ஊர் மாதிரி வாசிச்சுக் காட்டு"ன்னார். பாஸ்ல தோடி வாசிச்சேன் (சிரிக்காதீங்க). கண்ணை மூடிக் கேட்டவர், முடிஞ்சதும், "இது நல்லா இருக்கு, பீத்தோவன்ல வேண்டாம்"னார்.

இப்போ விவகாரம் பீத்தோவன்தான். ஜூன்ல எங்க ஆர்க்கெஸ்ட்ரா ஐந்தாவது சிம்ஃபனி வாசிக்குது. 1808ல இதே ஊர்ல, இன்னிக்கும் நிக்கற தியேட்டர் அன் டெர் வீன்ல முதல்ல அரங்கேறினது. மூணாவது பகுதி நடுவுல செல்லோவும் பாஸும் மட்டும் தடதடன்னு ஓடற இடம் ஒண்ணு இருக்கு, ஒளிஞ்சுக்க ஒரு மறைவும் கிடையாது. பீத்தோவன் போட்ட வேகம் நிமிஷத்துக்கு 96. நான் 72ல இருக்கேன். அதுக்கு மேல போனா கட்டை விரல் நெருக்க ஆரம்பிக்குது. "எட்டலைன்னா அந்த நாலு சுரத்தை விட்டுடு, பக்கத்துல இருக்கறவங்க வாசிப்பாங்க. கையை மட்டும் விட்டுடாதே"ங்கறார் பெரியவர். எனக்கு மனசு ஒப்பலை. இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. நேத்து 74 வந்தது, வலி இல்லாம.