மருமகளின் வேட்டையுடை

பெண்ணுக்கு வேட்டையுடை தேர்வதைப் பற்றி எழுதுவதற்கு, மரக்கறி உண்ணும் கல்லூரி ஆசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி உண்டு என்று வாசகர்கள் வினவலாம். துப்பாக்கியை நான் கையால் தொட்டதில்லை. பனி பெய்வதையும் படத்திலன்றி நேரிற் கண்டதில்லை. ஆயினும் சென்ற ஆண்டு புரட்டாதி தொடங்கிக் கார்த்திகை முடியும்வரை எங்கள் வீட்டில் ஓயாது ஆராயப்பட்ட பொருள் இதுவே. பௌதிகம் படிப்பிப்பவன் என்ற காரணத்தால் அவ்வாராய்ச்சிக்குத் தலைமை தாங்கும் பொறுப்பும் என்மேல் விழுந்தது.

என் தங்கையின் மகள் கனடாவிலே, சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள தண்டர் பே என்னும் நகரில் வனவியல் கற்கிறாள். காட்டு விலங்குகளைக் கணக்கெடுப்பது அவளுடைய படிப்பில் ஒரு பகுதி. விடியுமுன் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்து, பின்னர் ஓரிடத்தில் மூன்று நான்கு மணி நேரம் அசையாது அமர்ந்து, வந்துபோகும் மான்களையும் மூஸ் என்னும் பெரிய மானினத்தையும் குறிப்பேட்டிற் பதிய வேண்டும். வேட்டைக்காரன் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அவன் கையில் துப்பாக்கி இருக்கும். இவள் கையில் பென்சில் இருக்கும். (பேனா உதவாதாம், குளிரில் மை இறுகிவிடும்.) ஆகவே அவளுக்கு வேண்டியதும் வேட்டைக்காரர் உடைதான் என்று அங்குள்ள சக மாணவிகள் கூறிவிட்டனர். அவர்களுட் சிலர் தந்தையரோடு மான் வேட்டைக்குச் சென்று பழகியவர்கள்.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை. “உது வேட்டைக்காரர் உடுப்பல்லோ, அண்ணை? எங்கட பிள்ளைக்கு உது ஏன்?” என்றாள். கோயிலில் அறுபத்துமூவர் வரிசையைக் கும்பிட்டு வரும்போது கண்ணப்ப நாயனாருக்கு முன்னால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டா போகிறாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அவளுடைய உண்மையான கவலை வேறு. பிள்ளையின் படிப்புக்காக வீட்டு உறுதி வங்கியில் ஈடாக இருக்கிறது. ஒவ்வொரு டொலரையும் இருநூறுக்கு மேற்பட்ட ரூபாவாற் பெருக்கிப் பார்க்கும் குடும்பத்திலே, பெண்களுக்கென்று தைத்த புதிய வேட்டையுடைத் தொகுதி ஒன்றின் விலையைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது. குளிருக்குப் பயப்படுவதா, கடனுக்குப் பயப்படுவதா என்பதே கேள்வி.

யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனிக்கு ஒரு போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டால் போதும். அந்தப் பழக்கத்தினால், குளிர் கூடக்கூடப் பாரமான துணி வேண்டும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் உடலைச் சூடாக வைத்திருப்பது துணியன்று. துணிக்குள் அகப்பட்டு அசையாது நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். நீரோ காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு கடத்தும். துணி நனைந்து காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், எத்துணைப் பாரமான உடையும் உடம்பின் வெப்பத்தை வெளியே ஓடவிட்டுவிடும். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான் என்று மாணவர்களுக்குத் தமிழாசிரியர் சொல்லிக் கொடுப்பார். கொடையின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் இறகுகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்கும் அந்த மயிலுக்கு, அவனுடைய போர்வையைவிட நல்ல போர்வை முன்னமே இருந்தது என்று பௌதிக ஆசிரியர் சொல்லத்தான் வேண்டும்.

இதிலிருந்து முதலாவது முடிவு தானே பிறந்தது. பருத்தி ஆகாது. நம்முடைய வெயிலுக்கு அமுதமாகிய பருத்தி, வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு உலர மறுப்பதனால் அந்தக் காட்டிலே பகையாகிவிடும். உள்ளாடை முதற்கொண்டு ஜீன்ஸ்வரை இவ்விதி செல்லும். மருமகள் இங்கிருந்து கொண்டுபோன பருத்தி உடுப்புகள் யாவும் வகுப்பறைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர். அதன்மேல் தடித்த கம்பளிச் சுவெற்றர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் ஈரத்தையும் மறிக்கும் ஜக்கற்: இவ்வாறு அடுக்கடுக்காக அணிவதே அங்குள்ளோர் வழக்கம். கம்பளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தன் நிறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் அது தொட்டால் ஈரமென்று தோன்றாது. ஓரளவு சூட்டையும் காத்துக்கொள்ளும்.

வேட்டையுடையை மற்றக் குளிருடைகளிலிருந்து பிரிப்பது அதன் நடையும் இருப்பும் கலந்த பயன். நடக்கும்போது உடம்பு சூடேறி வியர்க்கும். அமர்ந்த பின்னர் அதே வியர்வை உறையத் தொடங்கும். ஆதலின் தடித்த ஜக்கற்றை முதுகுப் பையிற் கட்டிக்கொண்டு, சற்றுக் குளிர்ந்தபடியே நடந்து சென்று, இருப்பிடம் சேர்ந்த பிறகு அணிய வேண்டும். “மாமா, வீட்டைவிட்டு வெளிக்கிடேக்க குளிர வேணும்; குளிரேல்லையெண்டால் கூடப் போட்டிட்டன் எண்டு அர்த்தம்” என்று மருமகள் தொலைபேசியில் விளக்கினாள். தாய்க்கு இதை எடுத்துச் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

இன்னொன்று ஓசை. நைலோன் துணி கையசைக்கும்போதெல்லாம் சரசரக்கும். மான் அதைக் கேட்டு ஓடிவிடும். கம்பளியும் பஞ்சு போன்ற பிளீஸ் துணியும் ஓசை செய்யா. விலை கூடிய நைலோன் ஜக்கற்றைவிடப் பழைய கம்பளி மேற்சட்டையே காட்டில் உயர்ந்தது என்று அறிந்தபோது, எங்கள் வீட்டுப் பொருளாதாரத்திற்கு முதன்முறையாக நல்ல செய்தி கிட்டியது.

நிறத்தைப் பற்றியும் கூற வேண்டும். அம்மாகாணமாகிய ஒன்ராறியோவில், துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்திலே, வேட்டைக்காரர் கண்ணைப் பறிக்கும் தோடம்பழ நிறத்து உடை அணிய வேண்டும் என்பது சட்டம். இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் அந்நிறமாக இருக்க வேண்டும். தலையணியும் அந்நிறமாக வேண்டும். வேட்டையாடாத ஒருத்தியைச் சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், அதே காட்டுக்குள் அதே நாளில் நுழைபவள் அதை அணியாமற் போவது மடமை. மான் கண்டு ஓடிவிடாதா என்று தங்கை கேட்டாள். ஓடாது. மனிதக் கண்ணில் நிறமறியும் கலங்கள் மூன்று வகை. மானின் கண்ணில் இரண்டு வகையே உண்டு. சிவப்பை அறிய உதவும் வகை அதற்கு இல்லாமையால், நமக்குத் தீப்போல எரியும் அந்நிறம் அதற்கு மங்கலாகவே தோன்றும். துப்பாக்கி பிடித்தவனின் கண்ணுக்குப் பளிச்சென்றும் மானின் கண்ணுக்கு மங்கலாயும் தெரியும் ஒரு நிறம் கிடைத்திருப்பது அதிசயமே. அந்நிறத்துச் சட்டைமேலணி ஒன்று மலிவு விலையிலேயே வாங்கக் கிடைத்தது; எந்த உடைக்கு மேலும் போட்டுக்கொள்ளலாம்.

நிறத்தோடு தொடர்புடைய வேறொரு கதை உண்டு. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம், தோடம்பழ நிறத்துக்குப் பதிலாகப் பளிச்சிடும் இளஞ்சிவப்பையும் வேட்டைக்காரர் அணியலாம் என்று சட்டஞ் செய்தது. பெண்களை வேட்டைக்கு ஈர்ப்பது நோக்கங்களுள் ஒன்று. வேட்டையாடும் பெண்கள் சிலருக்கே அது சினமூட்டியது. எங்களுக்கு வேண்டியது வேறு நிறமன்று, உடம்புக்குப் பொருந்தும் உடை என்பது அவர்கள் வாதம். அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. ஆணுக்கு வெட்டிய உடையைச் சிறிதாக்கி, இளஞ்சிவப்பில் தோய்த்து, விலையைக் கூட்டி விற்பதைப் பெண்ணுடை என்று எப்படிச் சொல்வது?

பொருத்தம் என்பது இங்கே அழகைப் பற்றிய பேச்சன்று. ஆணுக்கு வெட்டிய ஜக்கற் பெண்ணுக்குத் தோளிலே தொளதொளக்கும், இடுப்பிலே இறுகும். கழுத்திலும் கைமுனையிலும் இடைவெளி இருந்தால், குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் கொல்லனின் துருத்தி போலச் சூடான காற்று வெளியே தள்ளப்பட்டுக் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். இறுகிய இடத்திலோ காற்றுக்கே இடமில்லை. எங்கள் மருமகள் ஐந்தடி உயரந்தான். அவளுக்குக் கைகொடுத்தது சிறுவர் உடைப் பிரிவு. பெரிய அளவு ஆண்பிள்ளை ஜக்கற் அவளுக்குச் செம்மையாகப் பொருந்தியது. விலையும் பெண்கள் பிரிவைவிடக் குறைவு. அன்றியும் ஒன்ராறியோவில் சிறுவர் அளவு உடைகளுக்கு விற்பனை வரியில் மாகாணத்துக்குரிய 8 வீதம் கழிக்கப்படுகிறது. காற்சட்டைக்கு மட்டும் இந்த வழி ஒத்துவரவில்லை. அது பெண்ணுக்கென்றே வெட்டியதாக இருந்தாலன்றி, இருந்து எழும்புவது முடியாத காரியம்.

காற்சட்டை என்றதும், நாகரிகம் கருதி நாம் பேசாது விடும் ஒன்றையும் தாய்மாருக்காகச் சொல்லிவிடுகிறேன். தோட்பட்டி வைத்த குளிர்க் காற்சட்டையைக் கழற்றுவதற்கு, மேலுள்ள அடுக்குகள் யாவற்றையும் முதலிற் களைய வேண்டும். உறைபனியிலே இயற்கைக் கடன் கழிக்க இவ்வளவும் செய்யத் தயங்கிப் பெண்கள் தண்ணீர் குடியாது விடுகிறார்கள். நீர் குறைந்த உடம்பு குளிரை இன்னும் மோசமாகவே தாங்கும். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ சிப் வைத்துப் பெண்களுக்கென்றே தைத்தவையும் இருக்கின்றன. அல்லது பட்டியில்லாத சாதாரண இடுப்புக் காற்சட்டை போதும். மருமகள் இரண்டாவதைத் தேர்ந்தாள்.

கம்பளியை அவள் பழைய உடுப்பு விற்கும் தருமக் கடைகளிற் பொறுக்கினாள். அந்த நாட்டிலே பாட்டன்மாரின் கம்பளிச் சுவெற்றர்கள் அக்கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அவை உடம்பைக் கடிக்குமாம். இராணுவத்தில் மிஞ்சிய உடுப்புகள் விற்கும் கடையில் ஒரு கம்பளிக் காற்சட்டையும் கிடைத்தது. பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோன உடுப்பு கம்பளிதானா என்று அறிவது எப்படி என்று கேட்டாள். உள்தையலிலிருந்து ஒரு நூலை இழுத்து நெருப்பிற் காட்டினால், கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு பொடியாகும். பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும். (இப்பரிசோதனையைக் கடைக்குள்ளே செய்ய வேண்டாம் என்றும் எழுதினேன்.) பூச்சி அரித்த சிறு துளைகளைத் தைத்துவிடலாம். வெந்நீரில் தோய்த்துச் சுருங்கிப்போன பெரிய சுவெற்றர்கூட அவளைப் போன்ற சிறிய உடம்புக்குப் பொருந்தும். சுருங்கியதனால் நெசவு நெருங்கிக் காற்றையும் நன்றாக மறிக்கும்.

இத்தனை ஆராய்ச்சிக்கிடையே, ஒன்ராறியோவுக்கும் வடக்கே, மரமும் முளையாத ஆர்க்டிக் நிலத்தில் வாழும் இனுயிட் மக்களின் உடைகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அம்மக்களிடையே வேட்டைக்குச் செல்பவர் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுடைய உடையை ஆக்குபவர் பெண்கள். கரிபூ என்னும் மானின் தோலை இரண்டு அடுக்காகத் தைப்பார்கள். உள்ளடுக்கின் மயிர் உடம்பை நோக்கியும் வெளியடுக்கின் மயிர் வெளியை நோக்கியும் இருக்கும். அம்மயிரினுள்ளே காற்றறைகள் உண்டு. அதே விலங்கின் தசைநார்தான் நூல். தையல் ஓரிடத்தில் விட்டுப்போனால் வேட்டைக்குப் போனவன் திரும்பி வருவது ஐயமே. ஆகவே அவனுடைய உயிர் அவளுடைய ஊசியில் இருந்தது. பெண்கள் தமக்குத் தைத்துக்கொண்ட மேலங்கிக்கு அமௌட்டி என்று பெயர். முதுகுப்புறத்தில் குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு பையும், தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவான பெரிய முக்காடும் அதற்கு உண்டு. பெண்ணின் உடம்புக்கும் பெண்ணின் வேலைக்கும் அளவெடுத்த உடை எப்படியிருக்கும் என்பதை அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்னரே செய்து காட்டியிருக்கிறார்கள். இன்றைய கடைக்காரருக்குத்தான் அது புதிதாகத் தோன்றுகிறது.

பிள்ளைகளைக் குளிர்நாடுகளுக்கு அனுப்பும் பெற்றோர் கொழும்பில் பாரமான கோட்டுகளை வாங்கிப் பெட்டியை நிரப்புவதைக் காண்கிறேன். விமானத்திலிருந்து இறங்கி வீடு சேர்வதற்கு ஒன்று போதும். மிகுதிக் காசைக் கையிற் கொடுத்து, ஒரு மாதம் அங்கிருந்து பார்த்த பின் வாங்கச் சொல்வதே நன்று. எந்தக் குளிருக்கு, எந்த வேலைக்கு என்று அறியாமல் வாங்கும் உடை, விலை மலிவானாலும் நட்டமே.

கைக்கு விரல் பிரித்த உறையைவிட, நான்கு விரலும் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும் உறை சூடு கூடியது. எழுதும்போது கழற்றுவதற்காக உள்ளே மெல்லிய உறை ஒன்றும் வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கையும் காலும் விரைவிற் குளிர்வதனால் இவ்விரண்டிலும் சிக்கனம் பார்க்கவில்லை. முழுத்தொகையில் பெரும்பங்கு சப்பாத்துக்கே சென்றது. புதிதாக, முழு விலைக்கு வாங்கிய பெரிய பொருளும் அதுவே. உள்ளே கழற்றி உலர்த்தக்கூடிய கம்பளி உறை வைத்தது. தடித்த காலுறையோடு போட்டபின்னும் விரல்களை அசைக்க இடமிருக்கும்படி ஓர் அளவு பெரிது. இறுகிய சப்பாத்தில் இரத்தவோட்டம் குறைந்து கால் மரத்துப்போகும் என்பதனால், கடையில் மாலை நேரத்திலே, கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் அப்படியே செய்து, சப்பாத்துக்குள் விரல்களை ஆட்டிக் காட்டுவதாகக் கூறிக் காணொளி ஒன்று அனுப்பினாள். அதிலே சப்பாத்து மட்டுந்தான் தெரிந்தது. தங்கை அதை மூன்று முறை பார்த்துவிட்டு, விலை என்ன என்று கேளாமலே தொலைபேசியைத் திருப்பித் தந்தாள்.