எந்த இடம்?

நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்ததும் முதலில் எழும் வினா, "எந்த இடம்?" என்பதே. எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை கூற இயலாமையால் தாமதம் நேர்வதுண்டு.

சில ஆண்டுகளுக்குமுன் ஓரிரவு, நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நான்குவழிச் சாலையில் அடிபட்டுக் கிடந்தார். அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் உடனே 108-க்குச் செய்தி கூறினார். அயலூராராகிய அவருக்கு, "பாலம் தாண்டிப் புளியமரத்தருகே" என்பதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. ஆம்புலன்சு எதிர்ப்பக்கச் சாலையில் வந்து சேர்ந்தது. நடுவே தடுப்புச்சுவர் இருந்தமையால், நெடுந்தூரம் சென்று திரும்ப வேண்டியதாயிற்று. நாம் போய்ச் சேர்ந்தபோது இளைஞர் நினைவிழந்திருந்தார். உயிர் பிழைத்தார், ஒரு காலை இழந்தார்.

இத்தகைய தாமதத்தைக் குறைக்கவல்லவை சாலையோரக் காமிராக்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கை, கிலோமீட்டருக்கு ஒரு கண்காணிப்புக் காமிரா வேண்டுமென்கிறது. ஒவ்வொரு கம்பமும் நிற்கும் இடம் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால், காட்சி தெரிந்தவுடன் கிலோமீட்டரும் பக்கமும் தெரிந்துவிடும். ஓடும் வண்டிகளிடையே ஒன்று அசைவற்று நின்றால், கணிப்பொறி அதனைக் கண்டு கட்டுப்பாட்டு அறையை எச்சரிக்கும். ரோந்து வண்டியும் ஆம்புலன்சும் புறப்படும். காமிரா என்றாலே அபராதம் எனச் சலித்துக்கொள்வோர் பலர். தலைக்கவசம் அணியாதவரைக் காட்டிக்கொடுக்கும் அக்கண்ணே, விழுந்து கிடப்பவரையும் காண்கிறது.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். படுகாயத்துக்குப் பின்வரும் முதல் ஒருமணி நேரத்தை, உயிர் காக்க மிகுந்த வாய்ப்புள்ள பொன்னான நேரமென 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் வகுத்துரைக்கிறது.

எனினும் காமிரா இல்லாத சாலைகளே மிகுதி. அங்கே நாமே கண்ணாதல் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையோரம் மஞ்சள் தலையுடன் நிற்கும் கல்லில் ஊர்ப்பெயரும் எண்ணும் உண்டு. அவற்றையும், எவ்வூர் நோக்கிச் செல்லும் பக்கம் என்பதையும் 108-க்கோ 1033-க்கோ தெரிவித்தால் போதும். காவல்நிலையம், நீதிமன்றம் என அஞ்ச வேண்டியதில்லை. உதவுபவரைச் சட்டம் 'நல்ல சமாரியர்' என்றே அழைக்கிறது. பெயரைச் சொல்லும்படிகூட அவரை எவரும் கட்டாயப்படுத்தலாகாது.

அடுத்தமுறை குடும்பத்தோடு பேருந்தில் செல்லுகையில், சன்னலோரம் அமர்ந்துள்ள பிள்ளையை அக்கற்களை உரக்கப் படிக்கச் செய்யுங்கள். விளையாட்டாகக் கற்ற அப்பழக்கம், என்றேனும் முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கும்.