வெள்ளம் வடிந்த பிறகு

வெள்ளம் வருவதை ஊரே பார்க்கிறது. அது வடிந்த பிறகு வரும் துன்பத்தைப் பார்ப்பவர் சிலரே.

2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்துச் சைதாப்பேட்டைப் பகுதியைக் கலக்கிச் சென்ற பின், வெளி மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் எங்கள் தெருவிலும் வேலை செய்தார்கள். ஊறிய மெத்தை, அழுகிய அரிசி, உடைந்த கண்ணாடி, செத்த எலி எல்லாம் ஒரே குவியலாய்க் கிடந்தன. பலர் வெறுங்காலோடு சேற்றில் நின்றனர். கையுறை பெற்ற சிலரும், பிடி வழுக்குகிறதென்று கழற்றி வைத்துவிட்டனர். பள்ளிவாசலில் ஆக்கிய உணவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பொட்டலத்தை வாங்க நீண்ட ஒரு கை, நீரில் ஊறி வெளுத்து, நடுவே கிழிந்திருந்தது. "தகரம் கிழிச்சிடுச்சு பாய். மண்ணெண்ணெய் தடவியிருக்கேன், சரியாயிடும்" என்றார் அவர்.

அந்தக் கீறல்தான் நோய்க்கு வாசல். எலியின் சிறுநீரில் வெளிப்படும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிர் வாழும். கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலுக்குள் புகும். உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் கழித்தே காய்ச்சல் காணும். அதற்குள் தொழிலாளி தம் ஊர் சேர்ந்திருப்பார். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாக மருத்துவரிடம் போகிறவர், வெள்ளச் சேற்றில் நின்றதைச் சொல்லாவிட்டால் அது சாதாரணக் காய்ச்சலாகவே கருதப்படலாம். முற்றினால் மஞ்சள் காமாலை கண்டு சிறுநீரகம் பழுதாகும்.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, சேற்றில் இறங்குவோர்க்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் தர அவ்வரசு ஏற்பாடு செய்தது. அப்படியும் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்தது. மாத்திரை காலணிக்கு ஈடாகாது. துருப்பிடித்த தகரத்திற்கு இரணஜன்னித் தடுப்பூசியும் வேண்டும்.

வீட்டுக்காரர்களாகிய நாமும் சும்மா இருப்பதில்லை. நன்றாக வெளுக்கட்டுமென்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலந்து ஊற்றச் சொல்கிறோம். கிளம்புவது குளோரின் நச்சுப்புகை. குனிந்து தேய்ப்பவரே அதை முதலில் சுவாசிக்கிறார்.

எங்கள் ஜமாஅத்தில் இப்பொழுது மழைக்கு முன்பே அரிசி, பருப்போடு முழங்கால் அளவு ரப்பர் காலணிகளும் 20 ஜோடி வாங்கி வைக்கிறோம். அளவு பற்றித்தான் இன்னும் வாக்குவாதம். பெண் தொழிலாளர்களுக்குப் பொருந்தும் சிறிய காலணி கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.