காணி போகேல்லை, உறுதிதான் போனது

யாழ்ப்பாணத்தில் ‘பாட்டிஷன்’ எண்டு சொன்னால் வீட்டுப் பெரியாக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கோடுதான். பொதுவில் கிடக்கும் காணியைப் பங்காளிகளுக்குப் பிரிக்கிற வழக்கு அது. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி இண்டைக்கும் நடக்குது. எங்கட வயசுக்காரருக்கு அதே சொல் லப்டொப்பில் வருகிறது. ஒரே ஹாட்டிஸ்க்கைத் துண்டு பிரித்து ஒன்றில் விண்டோஸும் மற்றதில் உபுண்டுவும் போடுகிறோம். காணியோ ஹாட்டிஸ்க்கோ, பிரச்சினை எல்லையில்தான் தொடங்கும்.

என்னோடு கலைப்பீடத்தில் படிக்கும் ஒருத்தியிடம் செக்கண்ட் ஹாண்ட் லப்டொப் ஒன்று இருக்கிறது. 500 ஜிபி ஹாட்டிஸ்க், பழைய சாமான். விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கும். அதனால் அவள் ஆய்வு வேலையெல்லாம் உபுண்டுவில். பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கும் பிரிண்ட் எடுக்கிற அலுவல்களுக்கும் மட்டும் விண்டோஸ். ஒருநாள் சி டிரைவில் இடமில்லை எண்டு காட்ட, ‘இதைக் கொஞ்சம் பெருப்பிச்சுத் தாங்கோ’ எண்டு ஒரு கடையில் கொடுத்தாள்.

உபுண்டு இருக்கிற துண்டின் கோப்பு முறைமையை விண்டோஸுக்கு வாசிக்கத் தெரியாது. டிஸ்க் மனேஜ்மென்டில் அது எழுத்தும் இல்லாமல், பெயரும் இல்லாமல் ஒரு வெறும் பெட்டியாகத்தான் தெரியும். கடையில் அந்தப் பெயரில்லாத 100 ஜிபியை வெறுங்காணி எண்டு நினைத்து அழித்துவிட்டார்கள். மெஷினைத் திரும்பப் போட்டதும் கறுப்புத் திரையில் ‘அப்படி ஒரு பாட்டிஷன் இல்லை’ எண்டு ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே ‘கிரப் ரெஸ்கியூ’. விண்டோஸும் வரவில்லை. ஏனெண்டால் எந்த இயங்குதளம் எண்டு கேட்கிற கிரப்பின் மிச்சப் பகுதி அழிந்த துண்டுக்குள்தான் இருந்தது. ‘முழுக்கப் போர்மட் பண்ணினால்தான் சரிவரும்’ எண்டு கடையில் சொன்னார்கள். அவள் லப்டொப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த 100 ஜிபிக்குள் 14 ஒலிப்பதிவுகள் இருந்தன. வலிகாமம் வடக்கில் இருந்து 1990 இல் இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு காணி விடுபட்டுத் திரும்பிப் போன முதிய ஆட்களோடு அவள் ஆய்வுக்காகச் செய்த நேர்காணல்கள். அதில் ஒரு ஆச்சி பதிவு செய்து இரண்டு மாதத்தில் செத்துப்போனா. மற்றவர்களிடம் திரும்பப் போய்க் கேட்கலாம். ஆச்சியிடம் கேட்க ஏலாது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் விளங்க வேணும். பழைய முறையிலான டிஸ்க்கில் பாட்டிஷன் அட்டவணை எண்டது முதல் செக்டரில் இருக்கும் வெறும் 64 பைட். ஒரு துண்டுக்கு 16 பைட். எங்கே தொடங்குது, எவ்வளவு நீளம், என்ன வகை எண்டு மட்டும் அதில் எழுதியிருக்கும். பாட்டிஷனை அழித்தால் அநேகமாக அழிவது அந்த 16 பைட் மட்டும்தான். உள்ளே இருக்கிற கோப்புகள் அந்தந்த இடத்திலேயே கிடக்கும். காணி போகவில்லை, உறுதிதான் போயிருக்கிறது. ஆனால் அதற்கு மேல் புதுசாக எதையும் எழுதினால், போர்மட் பண்ணினால், விண்டோஸைத் திரும்பப் போட்டால், அப்போதுதான் காணியே போகத் தொடங்கும். ஆகவே முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது.

இரண்டாவது வேலை பிரதி எடுப்பது. இன்னொரு மெஷினில் உபுண்டு பென் டிரைவ் ஒன்று செய்து, அதிலிருந்து லப்டொப்பை எழுப்பினோம். ‘இன்ஸ்டோல்’ பக்கம் போகாமல் ‘ட்ரை’ எண்டதை அமத்தினோம். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு டிடிரெஸ்கியூ, டெஸ்ட்டிஸ்க் இரண்டையும் இறக்கினோம். இரவல் வாங்கின 1 டிபி வெளி ஹாட்டிஸ்க்கில் முழு டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுக்க ஒரு இரவு போனது. பழைய பற்றரி கனநேரம் தாங்காது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தைக் கண்ட ஆக்கள் நாங்கள், அந்த இரவு முழுக்க லைற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவதுதான் டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோப் கிரெனியே எழுதின இலவச மென்பொருள். அது அட்டவணையை நம்புவதில்லை. டிஸ்க்கைத் தேடிக்கொண்டு போய், ஒரு கோப்பு முறைமை தொடங்குகிற இடத்தின் அடையாளங்களைப் பார்க்கும். உபுண்டு பாவிக்கும் எக்ஸ்ட்4 இல் ‘சூப்பர் புளொக்’ எண்டு ஒன்று இருக்கிறது. துண்டின் அளவு, அமைப்பு எல்லாம் அதில் பதிந்திருக்கும். அதன் பிரதிகள் உள்ளே வேறு இடங்களிலும் இருக்கும். அதை வைத்து எல்லை எங்கே இருந்தது எண்டு மென்பொருள் கணக்குப் போடும்.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்க அவள் சொன்னாள், ‘இதைத்தானே ஆச்சியும் சொன்னவா.’ காணி விடுபட்டுப் போய்ப் பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை, கதியால் ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் பற்றை. கிணற்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அடியெண்ணிப் போய்த்தான் தன்ர எல்லையைக் காட்டினாவாம்.

தேடலில் லினக்ஸ் துண்டு பச்சை நிறத்தில் வந்தது. உடனே எழுதவில்லை. ‘பி’ எழுத்தை அமத்தினால் அந்தத் துண்டுக்குள் இருக்கும் கோப்புறைகளைக் காட்டும். அவளின்ர பெயரில் இருந்த கோப்புறையைத் திறந்து 14 பதிவுகளையும் எண்ணினோம். முதலில் அவற்றை வெளியே கொப்பி பண்ணினோம், பிறகுதான் அட்டவணையை எழுதினோம். மெஷினைத் திரும்பப் போட கிரப் மெனு பழையபடி வந்தது.

எல்லாருக்கும் இப்படிச் சரிவரும் எண்டில்லை. இது சுழலுகிற ஹாட்டிஸ்க். எஸ்எஸ்டி எண்டால் போர்மட் பண்ணும்போதே ‘ட்ரிம்’ எண்ட கட்டளை போய், இந்த இடம் இனித் தேவையில்லை எண்டு டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். பிறகு மீட்பது பெரும்பாலும் நடக்காது. புது லப்டொப்புகளில் இருக்கும் ஜிபிடி முறையில் அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். அது ஒரு வசதி. ஆனால் அதுவும் உறுதிக்குத்தான் பிரதி, காணிக்கு இல்லை.

கடைக்காரரிலும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. போர்மட் எண்டது அரை மணித்தியால வேலை, மீட்பது இரண்டு நாள் வேலை. ஆனால் உள்ளே என்ன இருக்குது எண்டு ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை. பெயர் தெரியாத இடத்தை வெறும் இடம் எண்டு முடிவெடுத்துவிட்டார்கள். இரண்டு இயங்குதளம் வைத்திருக்கிற ஆக்கள் லப்டொப்பைக் கடையில் கொடுக்க முதல், எந்தத் துண்டு எதற்கு எண்டு ஒரு பேப்பரில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கோ. பாட்டிஷன் படத்தைப் போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கோ. அவளின்ர ஒலிப்பதிவுகள் இப்ப மூன்று இடத்தில் இருக்கின்றன. ஆச்சியின்ர மகளின் போனிலும் ஒன்று.